காட்டுக்கு எடுத்துப்போன ஊஞ்சல்

மரமே இல்லாத ஊருக்குப் போகிறவர்கள் ஊஞ்சலோடு அதற்கு இரண்டு காலும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனால் அதில் ஒரு நியாயம் உண்டு. என் கணவர் ஜவ்வாது மலைக்கு எடுத்துக்கொண்டு போனார். திரும்பின பக்கமெல்லாம் புளியும் பலாவும் நிற்கிற மலைக்கு, காரின் பின்சீட்டை மடக்கிப் போட்டு, இரும்புக் குழாய்கள் அடைத்த நீளப் பை ஒன்றை ஏற்றினார். அதுதான் ஹம்மாக் ஸ்டாண்டு. ஹம்மாக் என்பது இரண்டு முனையிலும் கட்டித் தொங்கவிட்டு அதற்குள் படுத்துக்கொள்கிற துணி ஊஞ்சல். ஸ்டாண்டு என்பது அதைக் கட்டுவதற்கு மரம் கிடைக்காத பாவப்பட்டவர்களுக்கான இரும்புச் சட்டம்.

"மரத்துல கட்டிக்கலாமேங்க" என்றேன்.

"மரத்துக்கு வலிக்கும்மா. பட்டை உரிஞ்சிடும். எல்லா வீடியோலயும் சொல்றாங்க."

மரத்துக்கு வலிக்கும் என்று உருகுகிற மனுஷன், அந்தப் பையின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி மாடியிலிருந்து இறக்கினார். எனக்குத் தோள்பட்டை வலி வந்து வருஷக்கணக்காகிறது. அதைப் பற்றி எந்த வீடியோவிலும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கார் கேம்பிங் என்றால் என்ன என்பதையும் அவர்தான் எனக்கு விளக்கினார். காரை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். வீட்டில் இருக்கிற சௌகரியங்களையெல்லாம் அதிலிருந்து இறக்கி வெளியே பரப்ப வேண்டும். பிறகு, வீட்டில் இல்லாததற்காகச் சந்தோஷப்பட வேண்டும். மடக்கு நாற்காலி, மடக்கு மேஜை, மடக்கு அடுப்பு என்று எங்கள் வீட்டில் மடங்காத பொருளே அந்த வருஷம் இல்லை. நான் மட்டும்தான் மடங்காமல் இருந்தேன். கடைசியில் நானும் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கண்ணமங்கலத்திலிருந்து வேலூருக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, ஊசி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் நம்பி, ஒவ்வொரு மாதமும் ஏமாந்து, அப்படியே என் முப்பதுகள் முழுக்கப் போய்விட்டன. கடைசியில் ஒரு டாக்டரம்மா, பார்த்துப் பார்த்து வார்த்தை எடுத்து, இனிமேல் இதில் பிரயோஜனம் இல்லை என்றார். நான் ஆஸ்பத்திரி வாசலிலேயே, "போதும்ங்க, நிறுத்திடலாம்" என்றேன். இவர் தலையாட்டினார். தலையாட்டியதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அழுதேன், மறுநாளும் அழுதேன், அப்புறம் ஒரு நாள் காலையில் எழுந்தபோது தலையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வெட்கம் என்ன இதில்? நிம்மதியாகத்தான் இருந்தது. இவர் எப்படி இருந்தார் என்று கேட்டால், வீடியோ பார்க்க ஆரம்பித்தார்.

நாங்கள் நிறுத்திவிட்டோம். ஊர் நிறுத்தவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்டாஃப் ரூமில் நான் ஒரு மாங்காய்த் துண்டைக் கடித்தால் போதும், "இன்னா டீச்சர், விசேஷமா?" என்று நாலு தலை திரும்பும். பஸ் நிறுத்தத்தில் கேட்பார்கள். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினால் கேட்பார்கள். எங்கள் சபையில் கல்யாண நாள் வருகிறவர்களை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி ஜெபிப்பது வழக்கம். மற்றவர்களுக்குச் சமாதானத்தையும் சுகத்தையும் கேட்கிற போதகர் ஐயர், எங்களுக்கு வந்தவுடன் குரலை உயர்த்தி, கர்ப்பத்தின் கனியைத் தாரும் என்று கூரை அதிரக் கேட்பார். மொத்த சபையும் என் வயிற்றைப் பார்த்து ஆமென் சொல்லும். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்வது என் பக்கத்தில் நிற்கிறவர். நான் உதட்டை மட்டும் அசைப்பேன்.

ஆகவே மலையில் எனக்கு வேண்டியது அருவி இல்லை, குளிர் இல்லை, ஹம்மாக்கும் இல்லை. இரண்டு நாள் என்னை யாரும் அந்தக் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். எங்களைத் தெரியாத ஊர், எங்கள் வயிற்று வரலாறு தெரியாத ஜனங்கள். இதை நினைத்துத்தான் அந்தப் பையின் ஒரு முனையைப் பிடித்தேன்.

சந்தவாசல் தாண்டிப் போளூர் போய், அங்கிருந்து மலை ஏறினோம். ஏறும்போதே நான் ஒரு யோசனை சொன்னேன். "யாராவது கேட்டா, ஒரே பொண்ணு, சென்னையில ஹாஸ்டல்ல படிக்குதுன்னு சொல்லிடலாம். அத்தோட முடிஞ்சிடும்."

இவருக்கு ஸ்டியரிங்கே ஒரு பக்கம் இழுத்துவிட்டது. "பொய் சொல்றதா? இல்லாத புள்ளய இருக்குதுன்னா?"

"ஒரு நாளைக்குத்தானேங்க."

"வேணாம்மா. பாவம். யாராவது கேட்டா ஆண்டவர் சித்தம்னு சொல்லிட்டுப் போய்ட்டே இருப்போம்."

அதைத்தான் ஊரிலும் எல்லாரிடமும் சொல்வார். ஆண்டவர் சித்தம் என்றால் கேட்கிறவர்களுக்கு இன்னும் உற்சாகம்தான் வரும், எந்தக் கோயிலில் எந்தக் கிழமை என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அது இவருக்கு எத்தனை முறை பட்டாலும் புரியாது. சத்தியவான்! இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சாமை வயலில் எங்களுக்கு இடம். இவர் டிராக்டர் ஷோரூமில் மேலாளர். அங்கே வண்டி எடுத்த மலைக்காரர் ஒருவர், அறுவடை முடிந்து சும்மா கிடக்கிற நிலம்தானே, வந்து தங்குங்கள் என்று சொல்லியிருந்தார். வயலின் மேட்டில் அவர் வீடு. வயலைச் சுற்றிலும், சொல்லத் தேவையில்லை, மரம். அதுவும் இரண்டு புளியமரங்கள், ஹம்மாக் கட்டுவதற்கென்றே அளந்து நட்டமாதிரி எதிரும் புதிருமாக நின்றன. இவர் அந்தப் பக்கமே பார்க்காமல் பையைப் பிரித்தார்.

நாங்கள் இறங்கியதும் மலைக்காரரின் மனைவி செம்பில் தண்ணீரோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் கருக்கரிவாள், இடுப்பில் சொருகிய புடவை, கண் மட்டும் காருக்குள் துழாவியது.

"எந்தூருங்க?"

"கண்ணமங்கலம்."

"அட, எங்க சின்ன நாத்தனார அங்கதான் குடுத்துக்குது. சரி, புள்ளைங்கள இட்டாரலீங்களா?"

மலை ஏறி முடித்து நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சென்னை ஹாஸ்டல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பின்னால் இவர் தொண்டையைச் செருமினார். "இல்லீங்க, நாங்க ரெண்டு பேருதான் வந்தோம்" என்று இரண்டும்கெட்டானாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "ரெண்டு நாளா கரண்டு இல்லீங்க, எங்கியோ மரம் சாஞ்சிக்கீது. எதுனா வேணும்னா குரல் குடுங்க" என்று சொல்லிவிட்டு மேடேறிப் போய்விட்டாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தப்பித்தோமடா சாமி என்று நினைத்தேன்.

ஸ்டாண்டைப் பூட்டுவதற்கு மதியம் ஆனது. எல்லாக் குழாயும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்று இன்னொன்றின் இடத்தில் போகாது. வளைந்த குழாய் நேராக நிற்க வேண்டிய இடத்தில் வளைந்தும், நேர்க் குழாய் வளைய வேண்டிய இடத்தில் விறைத்தும் நின்றன. இவர் போனில் வீடியோவைப் போட்டால் மலையில் சிக்னல் இல்லை. ஒரு வெள்ளைக்காரர் குழாயைத் தூக்கிய நிலையிலேயே நிற்க, அவர் முகத்தின்மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "அவருக்கே தெரியல பாருங்க" என்றேன். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. எப்படியோ பூட்டி, துணியை மாட்டி, "நீதான் மொதல்ல படுக்கணும், உனக்காகத்தான் வாங்கினேன்" என்றார்.

உட்கார்ந்தேன். துணி தொய்ந்து என் பின்பக்கம் சாமைத் தாளின்மேல் போய் அமர்ந்தது. ஊசி குத்தின மாதிரி இருந்தது. கொக்கியை மேல் ஓட்டைக்கு மாற்றி மறுபடி படுக்கச் சொன்னார். இந்த முறை துணி என்னை அப்படியே கவிழ்த்து மறுபக்கம் கொட்டியது. "குறுக்கால படுக்கணும்மா, குறுக்கால!" என்று கத்துகிறார். மேட்டில் அந்தப் பெண் அரிவாளை மறந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் மானம் அத்தோடு கப்பலேறியது.

மூன்றாவது முறை சரியாக அமைந்தது. குறுக்காகத்தான் படுக்க வேண்டியிருந்தது. சொல்ல மனசில்லை, ஆனாலும் சொல்கிறேன், அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. தோள்பட்டை எங்கேயும் அழுந்தவில்லை. மேலே வானம், தை மாதத்து வெயில், மெல்ல ஒரு ஆட்டம். பகலில் படுத்துத் தூங்கினால் வீட்டில் யாராவது ஒருத்தர் உடம்புக்கு என்ன என்று அர்த்தத்தோடு கேட்பார்கள். இங்கே கேட்க யாரும் இல்லை. தூங்கிப்போனேன். விழித்தபோது இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா தூங்கினியாம்மா?" என்றார். அந்த நேரத்தில் அந்த இரும்புக் குழாய்கள்மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது.

டீ போடலாம் என்று அடுப்பைப் பிரித்தார். அடுப்பு இருந்தது, அதற்குக் காற்று மறைக்கத் தகடு இருந்தது, தகட்டுக்குத் தனி உறை இருந்தது. பற்றவைக்க நெருப்பு இல்லை. தீப்பெட்டியை மறந்துவிட்டார். மேட்டு வீட்டில் கேட்கலாம் என்றார். கேட்டால் அவள் தீப்பெட்டியோடு கேள்வியும் கொண்டுவருவாள் என்று, சாவியை வாங்கிக்கொண்டு நானே ஜமுனாமரத்தூருக்கு வண்டியை எடுத்தேன். அன்றைக்குச் சந்தை. தீப்பெட்டி வாங்கினேன், சூடாக பஜ்ஜி வாங்கினேன், சும்மா சந்தைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒருத்தரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மிளகாய் விற்ற பெண் மட்டும், "இன்னா வேணும்?" என்றாள். எவ்வளவு நல்ல கேள்வி என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இவர் நாற்காலியில் இல்லை, காரை நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் மார்க் ஷீட்டை ஒளித்து வைத்திருக்கிற பையனின் களை. நான் பஜ்ஜியைக் கொடுத்துவிட்டு நேரே ஹம்மாக்குக்குப் போனேன். மறுபடி கொஞ்ச நேரம் படுக்க வேண்டும் என்று வழி முழுக்க ஆசைப்பட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

அதில் யாரோ படுத்திருந்தார்கள்.

பழைய நூல் புடவையின் கிழிசலில் சுற்றி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு அம்மிக் குழவி. மேலெல்லாம் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம். ஹம்மாக்கின் அடிவயிற்றில் கனமாக, அசையாமல் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் இந்துக்கள் வீட்டில் தொட்டில் போடுகிற அன்று குழந்தையை முதலில் அதில் விடமாட்டார்கள். அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, அதை முதலில் கிடத்துவார்கள். வருகிற கண்ணேறு கல்லோடு போகட்டும் என்று. பிள்ளை இல்லாதவர்கள் வேண்டிக்கொண்டு வெறும் தொட்டில் கட்டுவதும் உண்டு. பக்கத்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். என்னைக் கூப்பிட மாட்டார்கள், சன்னலில் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரும்புக் கால், நடுவில் தொங்குகிற துணி, பிள்ளையில்லாமல் வந்த புருஷன் பெண்டாட்டி. அந்தப் பெண் வேறு என்னவென்று நினைப்பாள்? பிள்ளை வரம் கேட்டுப் பெரிய தொட்டில் கட்டியிருக்கிறார்கள், நான் அதில் விழுந்து உருண்டதும் வேண்டுதல்தான் என்று நினைத்திருக்கிறாள். புரிந்தது. புரியாதது வேறொன்று.

"நீங்க இங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"இது ஊஞ்சல்னு சொல்லலையா?"

இவர் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தார், மறுபடி மடித்தார். விஷயம் மெல்ல மெல்ல வந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர் காலால் ஹம்மாக்கை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு அவள் மேட்டிலிருந்து ஓடிவந்து, "ஐயய்ய, வெறும் ஏணைய ஆட்டாதீங்க! பொறக்கப் போற புள்ளைக்கு ஆவாது" என்று அதட்டியிருக்கிறாள். ஏணை என்றால் எங்கள் பக்கம் புடவையில் கட்டுகிற தொட்டில். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "வேண்டுதலுங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன்."

எனக்குக் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்தது. சென்னை ஹாஸ்டலில் ஒரு பெண்ணைப் படிக்கவைக்க ஒப்பாத உத்தமர்! "பொய் சொன்னா பாவம்னு யாருங்க சொன்னது? மலை ஏறும்போது சொன்னீங்களே, அது யாரு?" என்று கத்தினேன். "நான் நாப்பத்தஞ்சத் தொடப் போறேன். பக்கத்துல நின்னு பாத்தவ என்னங்க நெனப்பா?"

"கீழ்ச்சேரில ஒரு அம்மாவுக்கு இந்த வயசுலதான் பொறந்துச்சாம். அவுங்க சொன்னாங்க."

"ஓ! அதையும் கேட்டுகினு உக்காந்திருந்தீங்களா!"

கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவள் வீட்டுக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்து, குழவிக்கு மஞ்சள் பூசி, தன் புடவையைக் கிழித்துச் சுற்றி, கிழக்கே பார்க்கக் கிடத்தி, விடிகிறவரைக்கும் எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இவர் அது முழுவதையும் செருப்பைக் கழற்றிவிட்டு, நின்று, பார்த்திருக்கிறார்.

நான் விறுவிறுவென்று போனேன், கல்லைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுப் படுக்கத்தான் போனேன். இரண்டு கையையும் அடியில் கொடுத்தேன். துணி துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்தது. கனம் கையில் இறங்கியது. அந்தக் கனம் எனக்குத் தெரியும். அடுத்த வீட்டுப் பிள்ளைகளை எத்தனை தடவை கையில் வாங்கியிருக்கிறேன்! எடுக்க முடியவில்லை. உடம்பில் பலம் இல்லாமல் இல்லை. மெதுவாகக் கையை உருவிக்கொண்டேன். என்மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது. இறக்கி வைத்தேன் என்று சொன்ன மூட்டைதானே இது, யார் மறுபடி என் கையில் எடுத்துக் கொடுத்தது என்று திரும்பி அந்த மனுஷனைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார்.

ஆக அன்றைக்கு ஹம்மாக்கில் கால் நீட்டிப் படுத்தது கல். நாங்கள் இருவரும் காரின் முன்சீட்டுகளைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, கியர் இடுப்பில் குத்தக் கிடந்தோம். இருட்டத் தொடங்கியிருந்தது. நான்தான் பேச்சை எடுத்தேன்.

"நீங்க இன்னும் நிறுத்தலையா?"

"நிறுத்திட்டேன்."

"அப்புறம் ஏன் ஆமான்னீங்க?"

சீட்டை நிமிர்த்தி உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "டாக்டர் சொன்னாங்க. நீ சொன்ன. நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லம்மா. அந்தம்மா வந்து கேட்டப்போ, இல்லன்னு சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். வரல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் ஆட்டியது தலையை மட்டும்தான். நான் அழுது முடித்த இடத்தில் அவர் ஆரம்பிக்கவேயில்லை. மடக்கு நாற்காலியும் மடக்கு மேஜையுமாக வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு இவர்மேல் கோபம் போகவில்லை. கோபத்தோடேயே பாவமாகவும் இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நாங்கள் நிறுத்திவிட்டோம், நாங்கள் நிறுத்திவிட்டோம் என்று இத்தனை நாள் நான் பன்மையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விடிந்ததும், "எழுந்திருங்க. கல்லு அவுங்களது. கொண்டுபோய்க் குடுங்க" என்றேன்.

"நீயும் வாயேன். நீயே சொல்லிடு."

"வர்றேன். ஆனா நான் சொல்ல மாட்டேன். ஆமான்னு சொன்னது நீங்க. இல்லன்னும் நீங்கதான் சொல்லணும்."

என் குரலைக் கேட்டு எனக்கே, ஐந்தாம் வகுப்பு சி பிரிவில் நிற்கிற மாதிரி இருந்தது. சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் ஆண்டவர் சித்தம் என்று இழுத்தாரானால், ஊர் திரும்பியபின் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஊசி, மறுபடி மாதக் கணக்கு. இவருக்காக நான் அதற்கும் போவேன் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவர் குனிந்து கல்லை எடுத்தார். பக்கவாட்டில் இடுக்கிக்கொள்ளலாம், தோளில் போட்டுக்கொள்ளலாம். இவரோ இரண்டு கையாலும் மார்போடு அணைத்து, சுற்றிய துணி விலகாமல் பார்த்துக்கொண்டு மேடேறினார். பின்னால் நான்.

வாசலில் மலைக்காரர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அதில் களியும் வெறும் உப்பும்தான் இருந்தன. எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் உள்ளிருந்து வந்து, "எடுத்துட்டீங்களா? விடிஞ்சப்பறம்தான எடுத்தீங்க?" என்றாள்.

இவர் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். உதவிக்குப் போகக்கூடாது என்று உள்ளங்கையில் நகத்தைப் பதித்துக்கொண்டேன்.

"அது ஏணை இல்லீங்க" என்றார். "படுத்துத் தூங்குறதுக்கு வாங்கின ஊஞ்சல். நேத்து நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்." ஒரு மூச்சு விட்டார். "எங்களுக்குப் புள்ள இல்லீங்க. இனிமேலயும் இல்ல. பொறக்காது."

 இனி அவள் அழுவாள், என் கையைப் பிடிப்பாள், ஒரு சாமியாரின் விலாசம் சொல்வாள். எனக்குத் தெரியாத வழியா? எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன்.

அவள் இடுப்பில் கையை வைத்தாள். "இன்னாங்க இது, நல்லா கீதே கதை! அத நேத்தே சொல்லக்கூடாது? எம்மாங் கனம் அந்தக் கல்லு! நானே முழுவிட்டு வந்து ஒண்டியா தூக்கினு வந்தேன். மிக்சி கீது, கரண்டு இல்ல. கொழவி உங்க ஊஞ்சல்ல தூங்குது, நான் எதுல மொளகா அரைக்க? ராவுலருந்து கொழம்பு வெக்கல. அதோ பாருங்க, அந்த ஆளு என்கூடப் பேசறதில்ல."

மலைக்காரர் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்து, ஆமாம் என்று எங்களிடம் முறையிட்டார்.

அவ்வளவுதான். எத்தனை வருஷமாக யாருக்கும் தெரியக்கூடாது என்று நாங்கள் இருவரும் மூடி வைத்திருந்த சங்கதி அந்த வாசலில் விழுந்தது, அவளுக்கு அன்றைக்குக் குழம்பு வைக்காததுதான் பெரிதாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிறதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் இவரிடம். "பொய் சொன்னது நீங்க. அதனால நீங்கதான் அரைக்கணும். ராத்திரி பூரா தூங்குன கல்லு, உக்காந்து எழுப்புங்க. மொளகா எடுத்தாறேன்." துணியை அவிழ்த்து, மஞ்சளை அலம்பி, குழவியை அம்மிமேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

டிராக்டர் ஷோரூம் மேலாளர் பேண்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு அம்மிக்கு முன்னால் குந்தினார். குழவியின் இரு முனையிலும் கை வைத்தார். அப்படியே தலை குனிந்தார். முதுகு குலுங்கியது. நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். தோளில் கை வைத்தேன். சத்தம் வெளியே வராமல், ஆனால் நிற்காமல், அந்த மனுஷன் அழுதார். மலைக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

அன்று காலை கண்ணெல்லாம் சிவந்ததற்கு மிளகாய் நெடிதான் காரணம் என்று இன்றுவரைக்கும் சொல்கிறார். ஆமாங்க, அந்த மலை மிளகாய்க்குக் காரம் ஜாஸ்தி என்று நானும் சொல்கிறேன். மிளகாய் எடுக்கப் போனவள் அப்போது இன்னும் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கவில்லை.